போனில் பேசுவது யார் காதில் விழுகிறது?



போன இதழில் முருங்கைக்கீரைப் பொடி பற்றி எழுதியிருந்தேன். எள் எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு அடுத்த தடவை பதில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எதிர் வீட்டு விஷயம் ஒன்று ரெண்டு மாசமாக மனசைப் போட்டு அரித்துக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

எங்கள் ஆம்பூரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலாற்றங்கரை ஊர். தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும்தான் பிழைப்பு. விடிந்தும் விடியாமலும் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும், டிபன் பையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடுவார்கள். என் வீட்டுக்காரரும் டேனரியில் ஃபினிஷிங் சூப்பர்வைசர்தான். உள்ளூர் சம்பளம் போதாமல் துபாய், ஷார்ஜா, மஸ்கட் என்று போனவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். எதிர் வீட்டுப் பையன் இருப்பது ஷார்ஜாவில்.

ராத்திரி ஒன்பதரை மணி அடித்தால் அவனிடமிருந்து கால் வரும். அங்கே அப்போது எட்டு மணி. கூடத்தில் டி.வி. ஸ்டாண்டு மேல் போனைச் சாய்த்து வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார்கள். மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தன், குழந்தைகள் எல்லாரும் சுற்றி உட்காருவார்கள். ஜன்னலும் திறந்துதான் இருக்கும். அவன் மத்தியானம் குப்பூஸ் சாப்பிட்டானா, சோறு பொங்கினானா என்று எங்கள் தெரு முழுக்கத் தெரியும். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டுச் சிரித்திருக்கிறேன், பொய் சொல்வானேன்.

அந்த வீட்டு மருமகள் சின்னப் பெண். இரண்டாவது குழந்தை பிறந்து எட்டு மாசம். ஒரு நாள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தாள். கையைப் பார்த்தேன், நகமெல்லாம் வெள்ளைக் காகிதம் மாதிரி.

"இன்னாம்மா கண்ணு, இப்படி வெளுத்துப் போயிருக்கே?"

"ஒண்ணுமில்லக்கா, புள்ள தூங்கவிட மாட்டேங்குது."

இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, ஒண்ணுமில்லையாம். தோண்டித் துருவிக் கேட்டதும் அழுதுவிட்டாள். மூன்று மாசமாக மாதவிலக்கு வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்பதில்லையாம். கட்டி கட்டியாகப் போகிறதாம்.

"அவர்கிட்ட சொல்லலியா?"

"எப்படிக்கா சொல்றது? போனு நடு வூட்ல இருக்குது. மாமா இருக்கார், கொழுந்தன் இருக்கான். எனக்கு ரத்தம் நிக்கலைன்னு ஸ்பீக்கர்ல கத்தவா?"

"எழுதி அனுப்பலாமே?"

"போனு அத்தையோடது. வர்ற மெசேஜெல்லாம் நாத்தனார்தான் படிச்சுக் காட்டும்."

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. தினம் புருஷனோடு பேசுகிறாள் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு வார்த்தை பேச முடியவில்லை அவளால்.

மறுநாளே 'குழந்தைக்கு ஊசி போட' என்று அவள் மாமியாரிடம் சொல்லிவிட்டு (பொய்தான்) அவளை வேலூருக்கு பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்ன நார்க்கட்டி. பயப்படும்படி ஒன்றுமில்லை, மாத்திரையும் இரும்புச்சத்து ஊசியும் போதும் என்றார்கள். ஆனால் டாக்டரம்மா கேட்டாரே ஒரு கேள்வி: "இத்தனை நாளா ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?" அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஸ்பீக்கர் போன் காரணம் என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்துதான் இந்த இன்டர்நெட் கால் சமாசாரத்தைத் துருவ ஆரம்பித்தேன். என் மூத்த பையன் டிப்ளமா படிக்கிறான், அவனைப் பிடித்து உலுக்கினேன். நான் பத்தாம் கிளாஸ்தான். எனக்குப் புரிகிற மாதிரி அவன் சொன்னால் உங்களுக்கும் புரியும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் அம்மா காலத்தில் டிரங்க் கால். ஆபரேட்டர் நடுவில் இருந்து இணைப்புக் கொடுப்பார், அவர் நினைத்தால் கேட்கலாம். அப்புறம் எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கத்துவோம், வரிசையில் நிற்பவர்கள் முழுக் கதையும் கேட்பார்கள். அதற்கப்புறம் பிரவுசிங் சென்டர், ஸ்கைப். என் அண்ணன் துபாயில் இருந்தபோது, பிளைவுட் தடுப்புக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அண்ணி அழுததை நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்த ஸ்கைப்பையும் 2025 மே 5-ஆம் தேதி மூடிவிட்டார்கள். ஆக, நம் வீட்டுப் பெண்கள் போனில் தனியாகப் பேசியது என்பது எந்தக் காலத்திலுமே அபூர்வம்தான்.

இப்போது வாட்ஸ்அப்பில் பேசும்போது என்ன நடக்கிறது? வாணியம்பாடியில் இருக்கும் என் அக்காவுக்கு பஸ் கண்டக்டரிடம் தூக்குச்சட்டி கொடுத்து அனுப்புவேன். அதற்கு ஒரு பூட்டுப் போட்டு, ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி அக்காவிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் தூக்கிக்கொண்டு போகலாம், உள்ளே வடையா பாயசமா என்று பார்க்க முடியாது. நம் குரலையும் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் பூட்டி அனுப்புகிறார்களாம். சாவி இரண்டு போன்களில் மட்டும். நடுவில் இருக்கும் கம்பெனியே கேட்க முடியாது. 2016 ஏப்ரலில் இருந்து வாட்ஸ்அப்பில் எழுத்துக்கும் குரலுக்கும் இந்தப் பூட்டு முழுசாக வந்துவிட்டது. பெயரைத் தொட்டு 'என்க்ரிப்ஷன்' என்ற இடத்துக்குப் போனால் 60 இலக்க எண் ஒன்று வரும். உங்கள் போனிலும் அவர் போனிலும் அதே எண் இருந்தால் பூட்டு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் கண்டக்டருக்கு ஒன்று தெரியும் அல்லவா? யார் கொடுத்தது, யாருக்கு, எத்தனை மணிக்கு, வாரத்துக்கு எத்தனை தடவை. அது பூட்டுக்கு வெளியே இருக்கிற விஷயம். யாரோடு எவ்வளவு நேரம் பேசினோம் என்பதே ஒரு கதை சொல்லும். இதை மறந்துவிடக் கூடாது என்று பையன் இரண்டு தடவை சொன்னான்.

இன்னொன்று, எல்லா ஆப்பும் ஒன்றில்லை. ஷார்ஜா, துபாயில் வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் போகும், கால் போகாது. அந்த அரசாங்கம் அனுமதி கொடுத்த போட்டிம் போன்ற ஆப்களில்தான் பேச வேண்டும். சிலர் வி.பி.என். போட்டுத் தப்பித்துப் பேசுகிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் அப்படிச் செய்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வி.பி.என். மூலம் இருப்பிடத்தை மறைத்துக் குற்றம் செய்தால் அங்கே 2021-ஆம் வருஷத்துச் சட்டப்படி 5 லட்சத்திலிருந்து 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம். சம்பாதிக்கப் போன இடத்தில் ஏன் இந்த வம்பு?

எதிர் வீட்டில் இதிலும் ஒரு கூத்து நடந்தது. குடும்ப குரூப்பில் யாரோ ஒரு லிங்க் அனுப்பினார்கள், இலவசமாகப் பேசலாம் என்று. கொழுந்தன் உடனே ஏற்றிவிட்டான். அது போன் புத்தகம் வேண்டும், எஸ்.எம்.எஸ். வேண்டும், போட்டோ வேண்டும் என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் 'அலோ'. நாலே நாளில் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் 'அவசரம், பத்தாயிரம் அனுப்பு' என்று செய்தி போயிருக்கிறது. குடியாத்தத்து மாமா ஒருவர் அனுப்பியும் விட்டார். பேசுகிற ஆப்புக்கு மைக் வேண்டும், சரி. எஸ்.எம்.எஸ்ஸைப் படிக்க அதற்கு என்ன அவசியம்? வேலைக்காரி பீரோ சாவி கேட்டால் கொடுப்போமா?

பூட்டு நன்றாக இருந்தாலும் சுவரில் ஓட்டை போட்டு வருபவர்கள் உண்டு. 2019-இல் நடந்தது இது. வாட்ஸ்அப் கால் செய்யும் பகுதியிலேயே ஒரு குறை இருந்தது. இஸ்ரேல் நாட்டு என்.எஸ்.ஓ. என்ற கம்பெனியின் 'பெகாசஸ்' உளவு மென்பொருளை அந்த ஓட்டை வழியாக நுழைத்தார்கள். ஒரு கால் வரும். எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை, மிஸ்டு கால் போதும், போன் அவர்கள் கைக்குப் போய்விடும். உலகம் முழுக்கச் சுமார் 1,400 போன்கள். நம் தேசத்துப் பத்திரிகையாளர்களும் மனித உரிமைக்காரர்களும் அதில் இருந்தார்கள் என்று அந்த வருஷம் அக்டோபரில் வெளியே வந்தது. வாட்ஸ்அப் கம்பெனி கலிபோர்னியா கோர்ட்டில் கேஸ் போட்டது. 2025 மே மாசம் ஜூரி 16 கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அக்டோபரில் நீதிபதி அதைச் சுமார் 40 லட்சம் டாலராகக் குறைத்தாலும், இனி வாட்ஸ்அப் பக்கம் வரக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்.

நம்மைப் போன்ற சோறு பொங்குகிற பெண்களை உளவு பார்க்க யாரும் அவ்வளவு பணம் செலவழிக்க மாட்டார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் அந்த ஓட்டையை அடைத்தது எது தெரியுமா? ஒரு அப்டேட்தான். 'அப்டேட் செய்' என்று போன் கேட்டால் 'அப்புறம்' என்று தள்ளுகிறோமே, அது கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று தெரிந்தும் ஆசாரியைக் கூப்பிடாமல் இருப்பது மாதிரி.

சர்க்கார் ஒட்டுக் கேட்பதைப் பற்றியும் கேட்டேன். அதற்கும் வரம்பு உண்டு. சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2-ஆம் தேதி ஒரு தீர்ப்புக் கொடுத்தார். பொது அவசர நிலை, பொதுப் பாதுகாப்பு என்று சட்டம் சொல்லும் காரணம் இருந்தால்தான் போனை ஒட்டுக் கேட்கலாம், ரகசியமாக நடக்கும் குற்றத்தைக் கண்டுபிடிக்க என்று பொதுவாகச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று 2011-ஆம் வருஷத்து உத்தரவு ஒன்றை ரத்து செய்துவிட்டார். அந்தரங்கம் என்பது வாழும் உரிமையைச் சேர்ந்தது என்றும் சொல்லியிருக்கிறார். அந்தத் தீர்ப்பைப் படித்துச் சொன்ன என் பையனிடம், "கூடத்து ஸ்பீக்கருக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போறது?" என்று கேட்டேன். சிரித்தான்.

இதே அந்தரங்கத்தைத் திருடனும் உபயோகப்படுத்துகிறான் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் சித்தப்பா ரிட்டயரான ஆள். ஒரு நாள் வீடியோ கால். மறுமுனையில் போலீஸ் யூனிபாரம், பின்னால் கொடி, மேஜை எல்லாம். உங்கள் ஆதாரில் பம்பாய்க்குப் பார்சல் போயிருக்கிறது, அதில் போதை மருந்து, நீங்கள் 'டிஜிட்டல் அரெஸ்ட்', காமிராவை அணைக்கக் கூடாது, மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்றானாம். மனுஷர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சித்திதான் சந்தேகப்பட்டு, மோர் கொடுக்கிற சாக்கில் உள்ளே போய், போனைப் பிடுங்கி அணைத்தாள். இன்னும் அரை மணி போயிருந்தால் நாலு லட்சம் டெபாசிட்டை உடைத்துக் கொடுத்திருப்பார்.

சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27-ஆம் தேதி ரேடியோப் பேச்சில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த வருஷம் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நாலு மாசத்தில் மட்டும் 120 கோடி ரூபாய் இப்படிப் போயிருக்கிறது என்று அரசாங்கக் கணக்கு. 2025 டிசம்பர் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இந்த மோசடிகளை சி.பி.ஐ. விசாரிக்கச் சொல்லிவிட்டது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930-க்குப் போன் பண்ண வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பிழைக்கும். வீடியோ காலில் 'ஸ்க்ரீன் ஷேர்' பண்ணச் சொன்னாலும் கூடாது. உங்கள் போனில் வரும் ஓ.டி.பி. அவன் கண்ணில் பட்டுவிடும். "யாருக்கும் சொல்லாதே" என்று அந்நியன் சொன்னால், அந்த நிமிஷமே அடுப்படிக்குப் போய் உரக்கச் சொல்லுங்கள்.

தெரியாத நம்பர்களை அடக்கி வைக்க வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. செட்டிங்ஸ், அப்புறம் பிரைவசி, அதில் கால்ஸ். 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' என்பதை அமுக்கிவிட்டால் மணி அடிக்காது, பட்டியலில் மட்டும் தெரியும். அதே பிரைவசியில் அட்வான்ஸ்டு என்ற இடத்தில், கால் பேசும்போது நம் இணைப்பு முகவரி எதிராளிக்குத் தெரியாமல் மறைக்கவும் ஒன்று வைத்திருக்கிறார்கள், குரல் தெளிவு கொஞ்சம் குறையலாம். 'லிங்க்ட் டிவைசஸ்' என்பதையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். நம் கணக்கு வேறு எந்தக் கம்ப்யூட்டரில் திறந்து கிடக்கிறது என்று காட்டும். எதிர் வீட்டில் திறந்து பார்த்தால் எப்போதோ ஜெராக்ஸ் எடுக்கப்போன கடைக் கம்ப்யூட்டர் இன்னும் அதில் இருக்கிறது!

டாக்டரோடு வீடியோவில் பேசுகிறவர்கள் இப்போது அதிகம். அரசாங்கத்தின் இ-சஞ்சீவனியில் 2020 ஏப்ரல் 13-லிருந்து வீட்டிலிருந்தே இலவசமாகப் பேசலாம். ஆரம்பத்தில் நம் தமிழ்நாடுதான் அதை நிறைய உபயோகப்படுத்தியது. 2020 மார்ச் 25-ஆம் தேதி வந்த விதிகளின்படி, நேரில் போனால் எப்படியோ அப்படியே போனிலும் நோயாளியின் விஷயத்தை டாக்டர் வெளியே விடக் கூடாது. டாக்டர் யார், என்ன படித்திருக்கிறார் என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் டாக்டர் ரகசியம் காத்து என்ன, நாம் நடுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினால்? கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். உடம்பைக் காட்டும் போட்டோ அனுப்ப நேர்ந்தால், அனுப்பிய பின் போனிலிருந்து அழித்துவிடுங்கள். மறுநாள் குழந்தை அதே போனில் பொம்மைப் படம் பார்க்கும், மாமனார் பேரன் போட்டோவைத் தேடுவார்.

அந்த மாமியார் ராட்சசி என்று நினைத்துவிடாதீர்கள். மகன் குரலை ஒரு நாளைக்கு ஒரு தடவை கேட்கிறாள், அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. இன்னும் ஐந்தாறு வருஷத்தில் நானும் மாமியார்தான், எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நானே போய் அந்த அம்மாவிடம் பேசினேன். ஏழு என்றால் என்ன, பன்னிரண்டு என்றால் என்ன என்று சொன்னேன். முதலில் என் மேல்தான் கோபம் வந்தது, "எங்கிட்ட சொல்லாம வேலூருக்கு இட்டுனு போனியே" என்று. நியாயம்தான், மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். சாயங்காலம் பஜாரில் 150 ரூபாய்க்கு ஒரு இயர்போன் வாங்கி மருமகள் கையில் கொடுத்திருக்கிறாள்.

இப்போது கூடத்தில் கால் மணி நேரம் எல்லாரும் பேசுகிறார்கள். அப்புறம் மருமகள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். ஷார்ஜாவில் ராத்திரி என்ன சமையல் என்று தெருவுக்கு இப்போது தெரிவதில்லை. போன மாசம் ஹீமோகுளோபின் 9.6.

நேற்று அந்த மாமியார் என் வீட்டுக்கு வந்தாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏம்மா, அந்தக் காதுல மாட்டறது எனக்கும் ஒண்ணு வாங்கித் தர்றியா? பேர்ணாம்பட்டுல இருக்குற என் பொண்ணுகிட்ட கொஞ்சம் தனியா பேசணும்."